என் கணவர் விலை சொல்லாத புத்தகங்கள்

லண்டனில் எங்கள் ஈழத்து ஆட்களின் புத்தக வெளியீட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் புத்தகத்தின் விலையைக் கேட்பதில்லை. பின்னட்டையில் ஒரு விலை அச்சாகியிருக்கும். அதைத் திருப்பிப் பார்ப்பவர் இல்லை. வரும்போதே கோட்டுப் பைக்குள் ஒரு என்வலப் இருக்கும். மேடையில் நிற்பவர் பெயரை வாசிக்க, ஒவ்வொருவராக ஏறி, என்வலப்பை எழுத்தாளரின் கையில் கொடுத்து, புத்தகத்தை வாங்கி, கமராவைப் பார்த்து ஒரு கணம் நின்றுவிட்டு இறங்குவார்கள். அதற்குச் சிறப்புப் பிரதி என்று பெயர். மேடைக்குக் கூப்பிடப்படாதவர்கள் வாசல் மேசையில் வாங்குவார்கள். அங்கேயும் யாராவது தவறி விலையைக் கேட்டுவிட்டால் மேசையில் இருப்பவர் சொல்லமாட்டார். "நீங்கள் விருப்பமானதைத் தாங்கோ" என்பார். விலை சொல்வது மரியாதைக் குறைவு. பின்னட்டை விலையை மட்டும் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவது அதைவிட மரியாதைக் குறைவு.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டளவில் இவருடைய முதல் புத்தகம் வெளியானபோது அந்த வாசல் மேசையில் இருந்தவள் நான். இவர் என்று நான் எழுதுவது என் கணவரை. ஸ்ட்ரெதமில் ஒரு பெற்றோல் நிலையத்தில் காசாளராக நின்றுகொண்டே சிறுகதைகள் எழுதியவர். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரச் சோதனை வரை படித்தவள். நாலு பேருக்கு முன்னால் கதைக்கச் சொன்னால் ஏதாவது காரணம் சொல்லி நழுவிவிடுவேன். அந்த மேசை எனக்கு ஏற்ற இடமாக இருந்தது. விலை சொல்லத் தேவையில்லை, சிரித்தால் போதும்.

மண்டபம் ஹரோவில், சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடக்கும் பாடசாலை. சுவரெல்லாம் பிள்ளைகள் வர்ணம் தீட்டிய அம்மா, ஆடு, இலை. முதற் பிரதியை வாங்கியவர் வட லண்டன் எட்மண்டனில் பலசரக்குக் கடை வைத்திருந்த முதலாளி. அவருடைய என்வலப் மற்றவர்களுடையதைவிடத் தடிப்பாக இருந்தது என்பது கடைசி வரிசைக்கும் தெரிந்தது. இவருடைய தோளில் கையைப் போட்டு ஒலிவாங்கியிலேயே சொன்னார்:

"அடுத்த புத்தகத்துக்கும் முதற் பிரதி எனக்குத்தான். வேறை ஆருக்கும் குடுத்தியளெண்டால் உங்களோடை கதைக்க மாட்டன்."

சனம் சிரித்தது. இவரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

சென்னையில் அச்சடித்த செலவு, மண்டப வாடகை, வடை, தேநீர் எல்லாம் அந்த என்வலப்புகளால் தீர்ந்தது. கொஞ்சம் மிஞ்சியது. மிச்சத்தை இவர் தனியே ஒரு கணக்கில் போட்டார். "இது அண்ணையின்ரை" என்றார்.

அண்ணை என்றது இவருடைய தமையனை. இவரை லண்டனுக்கு எடுப்பித்தவர் அவர்தான். ஸ்ட்ரெதமில் ஒரு வீட்டில் அறைக்கு நாலைந்து பேராக இருந்த காலத்தில், ஒரு குளிர்காலம் நெஞ்சில் சளி பிடித்து, வேலைக்கு லீவு எடுக்கப் பயந்து, நாளைக்கு டொக்டரிடம் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றிருந்து செத்துப்போனார். நான் இங்கு வந்து சேர முன்னரே அது நடந்துவிட்டது. அவரை நான் கண்டதில்லை. இவர் அவரைப் பற்றி வாயால் கதைத்ததும் குறைவு. ஆனால் அந்த வீட்டையும் அவரையும் வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். சிறுகதைகள் அதற்குக் கை பழகுவதற்கு எழுதியவைதான் என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். நாவல் முடிந்ததும் அதே மண்டபத்தில் வெளியிடுவது, வருகிற என்வலப்புகளையும் இந்த மிச்சத்தையும் சேர்த்து அச்சகத்துக்குக் கொடுப்பது. அதுதான் திட்டம். எங்களிடம் வேறு வழியும் இருக்கவில்லை.

முதல் வெளியீட்டு நாளில் சனம் கலைந்துகொண்டிருக்கும்போது இவரும் என் பக்கத்தில் வந்து நின்றார். அப்போது ஓர் இளைஞர் மேசைக்கு வந்தார். தமிழ்நாட்டுக்காரர். ஹரோவில் இருந்துகொண்டு வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்பவர். அதோடு ஆசைக்கு ஓர் இணையக் கடை நடத்தினார். தமிழ்ப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் இறக்கி வாசிக்கும்படி விற்கும் கடை.

"சார், உங்க புத்தகத்தையும் டிஜிட்டலா போடலாமா? ஆஸ்திரேலியாவுல இருக்கறவங்க கூட உடனே வாங்கிடலாம்" என்றார்.

"அதுக்கென்ன, தாராளமாப் போடுங்கோ தம்பி" என்றார் இவர்.

"வித்த விலையில உங்களுக்குப் பாதி. என்ன விலை வைக்கலாம்?"

"அதை நீங்கள் பாத்து, உங்களுக்கு விருப்பமானதைப் போடுங்கோ."

"இல்ல சார், நீங்க சொன்னா நல்லா இருக்கும்."

"சீச்சீ. உங்கட விருப்பம்."

வாசல் மேசையில் இருந்து நான் அன்று முழுக்கச் சொன்ன அதே வசனம். அந்தத் தம்பி பிறகு ஈமெயிலிலும் கேட்டிருந்தார். விலை தங்கள் விருப்பம்போல் என்று இவர் பதில் எழுதினார். அனுப்ப முன்னர் என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். மரியாதையாக எழுதியிருக்கிறேனா என்பதுதான் இவருடைய கவலை.

முதலில் அவர் நல்ல விலைதான் போட்டிருந்தார், பின்னட்டை விலையைவிடக் கொஞ்சம் குறைவு. விற்கத் தொடங்கியதும் அந்தத் தம்பி போன் எடுத்தார். குரலில் சிரிப்பு.

"சார், ஒரு வேடிக்கை கேளுங்க. அச்சுப் புத்தகத்துக்கு இந்த நாட்டுல வாட் வரி கிடையாது. இதே கதையைக் கம்ப்யூட்டர்ல வித்தா வரி உண்டு. சட்டப்படி இது புத்தகமே இல்லையாம். ஏதோ சேவையாம். என் கம்பெனி வாட்டுக்குப் பதிஞ்சது, அதனால நான் கட்டியாகணும்."

இவர் போனை வைத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: "இஞ்ச பாரும், நான் எழுதினது புத்தகம் இல்லையாம். சேவை செய்திருக்கிறன்."

அன்று நாங்கள் இருவரும் சிரித்தோம்.

நான் அப்போது ஸ்ட்ரெதம் பெரிய தெருவில் ஓர் ஆங்கிலப் புத்தகக் கடையில் வேலை செய்தேன். சின்னக் கடை. உரிமையாளர் வயதான வெள்ளைக்காரப் பெண். பெட்டி உடைப்பது, தூசு தட்டுவது, ஸ்டிக்கர் ஒட்டுவது என்னுடைய வேலை. முந்தி இந்த நாட்டில் பதிப்பாளர் பின்னட்டையில் அடித்த விலைதான் எல்லாக் கடையிலும் விலை என்று அவர் அடிக்கடி சொல்லுவார். வியாபாரிகள் தங்களுக்குள் அப்படி ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தார்களாம். தொண்ணூறுகளில் பெரிய கடைகள் அதை மதிக்காமல் விட, நீதிமன்றமும் அது கூடாது என்றுவிட்டதாம். அதன் பிறகு யாரும் எந்த விலைக்கும் விற்கலாம்.

அதன் அர்த்தம் எனக்கு விளங்கியது ஒரு கோடைகாலத்தில். பிள்ளைகள் எல்லாம் காத்திருந்த ஒரு தடித்த புத்தகம் வந்தது. எங்களுக்கு அதை மொத்த வியாபாரி கொடுத்த விலையைவிட, எதிரேயிருந்த சுப்பர்மார்க்கெற்றில் குறைத்து விற்றார்கள். உரிமையாளர் கொஞ்ச நேரம் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கையில் காசைத் தந்து, போய் அங்கே வாங்கிக்கொண்டு வா, நாங்கள் இங்கே விற்போம் என்றார். வெங்காயமும் பாலும் வாங்குபவர்களின் நடுவில் நான் ஒரே புத்தகத்தைத் தள்ளுவண்டி நிறைய அடுக்கிக்கொண்டு நின்றேன். காசு மேசையில் இருந்த இளம் பிள்ளை, "உங்களுக்கு நிறையப் பேரப்பிள்ளைகளா?" என்று கேட்டாள். வெட்கத்தில் ஆமென்று தலையாட்டிவிட்டேன்.

நட்டத்துக்கு விற்றாலும் சுப்பர்மார்க்கெற்றுக்குப் பரவாயில்லை. புத்தகம் வாங்க வந்தவர் வெங்காயமும் வாங்குவார். எங்களிடம் வெங்காயம் இருக்கவில்லை.

இணையக் கடையில் நடந்ததும் இதே விஷயம்தான். தீபாவளிக்கு இவருடைய புத்தகம் அரை விலை. பிறகு கால் விலை. தைப்பொங்கலுக்கு, பானையும் கரும்பும் படம் போட்டு, இலவசம். அந்தத் தம்பி மகிழ்ச்சியாகப் போன் எடுத்தார்.

"சார், சும்மா பிச்சுக்கிட்டுப் போகுது. உங்க புத்தகத்துக்காக வந்தவங்க மத்த புத்தகமும் வாங்குறாங்க."

"அப்படியே? நல்லது தம்பி, நல்லது."

விற்ற விலையில் பாதி என்பது ஒப்பந்தம். சுழியத்தில் பாதி என்னவென்று கணக்குப் பார்க்க எனக்குச் சாதாரண தரமே போதும். ஆனால் இவருக்கு அது உறைக்கவில்லை. சனம் வாசிக்குது என்ற சந்தோஷத்தில் இரண்டு மூன்று நாட்கள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்.

அந்த மாதக் கடைசியில் ஒரு கலியாண வீட்டில் எட்மண்டன் முதலாளியைக் கண்டோம். சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு எதிரே இருந்தார். சுற்றிவர அவருடைய ஆட்கள்.

"என்ன எழுத்தாளர், பொங்கல் எல்லாம் எப்பிடி?"

"ஓம் அண்ணை, நல்லாப் போச்சு."

"எனக்கும் நல்லாப் போச்சு. மகள் உங்கட புத்தகத்தை நெற்றில சும்மா எடுத்து ஒபீஸில பிரிண்ட் அடிச்சுக்கொண்டு வந்து தந்தவள். அப்பா, இந்தாங்கோ, இது இலவசமாம் எண்டு."

மேசையில் இருந்தவர்கள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்கள்.

"நான் மேடையில ஏறி என்வலப் தந்தனான். படம் பிடிச்சவை. அந்தப் படத்தைக் கடையில மாட்டி வைச்சிருக்கிறன். இனிமேல் வாற சனம் பாத்திட்டுக் கேக்கும், ஏன் முதலாளி, சும்மா கிடக்கிற சாமானுக்கோ உவ்வளவு குடுத்தனீங்கள் எண்டு."

"அண்ணை, அது அந்தத் தம்பி..."

"நான் பகிடிக்குச் சொல்லுறன். சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ. பாயாசம் வருது. அதுவும் இலவசம்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு இவர் இலையில் கை வைக்கவில்லை.

அந்த முதலாளி கெட்ட மனிதர் அல்ல. அவர் கொடுத்தது புத்தகத்துக்கான விலை அல்ல, இவருக்கான மதிப்பு. அதைப் பத்துப் பேர் முன்னால் கொடுத்தவர். அதே பொருளை வேறொருவர் தெருவில் எடுத்துப் போகச் சொல்லி வைத்தால், அவர் கொடுத்ததும் சேர்ந்து மலிந்துபோகிறது. இது எனக்கு அன்றைக்கே விளங்கியது. இவருக்கும் விளங்கியது.

நான் வேலை செய்த புத்தகக் கடைக்கு அடிக்கடி வரும் வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். மலேசியத் தமிழ்ப் பெண். படிக்க வந்து இங்கேயே சொலிசிற்றர் வக்கீலாக வேலை எடுத்துத் தங்கிவிட்டவர். என்னைக் கண்டால் அக்கா என்று தமிழில் கதைப்பார். நானாக அவரிடம் ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை. இந்த முறை, அவர் காசு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, "ஒரு விசயம் கேக்கலாமோ?" என்று கேட்டுவிட்டேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கடையில் இருந்த ஏணிப்படியில் உட்கார்ந்தார்.

"அக்கா, அவரு உங்க வீட்டுக்காரர்கிட்ட புத்தகத்தை எடுத்து, தன் கடையில விக்கிறாரு. அப்போ கடைக்காரர் அவரு. என் புத்தகத்தை இந்த விலைக்குக் கீழ விக்காதேன்னு கடைக்காரரைக் கட்டிப்போட முடியாது. இங்க அது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது."

"எழுதினவருக்கே உரிமை இல்லையோ?"

"புத்தகத்துல இருக்கு. கடை விலையில இல்ல. ஃபிரான்சுல அச்சுப் புத்தகத்துக்கு வேற மாதிரி சட்டம், அங்க விலையைப் பதிப்பாளர்தான் வைக்கணும். இங்க அப்படி இல்ல லா." கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஒரு வழி இருக்கு. அவரு கடைக்காரரா இல்லாம உங்க ஏஜெண்டா மட்டும் இருந்தா, விக்கிறது உங்க வீட்டுக்காரர். ஏஜெண்டுக்குக் கமிஷன். அப்போ விலை உங்களோடது. யாரும் குறைக்க முடியாது. ஆரம்பத்துல அப்படி எழுதினாரா?"

"இல்லை. உங்கட விருப்பம் எண்டு எழுதினவர்."

அவர் சிரிக்கவில்லை. "ஏன் அக்கா?"

நான் அவர் வாங்கிய புத்தகத்தைப் பைக்குள் போட்டுக் கொடுத்தேன். நாங்கள் என்ன கதைக்கிறோம் என்று உரிமையாளர் கேட்க, அவர் ஆங்கிலத்தில் சுருக்கிச் சொன்னார். உரிமையாளர் கையில் இருந்த புத்தகத்தைத் தட்டில் வைத்துவிட்டு, "இனி இப்படித்தான்" என்று மட்டும் சொன்னார். அதற்கு அடுத்த வருடம் அந்தக் கடையையே மூடினார்.

நான் வந்து சொன்னதை இவர் அமைதியாகக் கேட்டார். அந்தத் தம்பிக்குப் போன் எடுத்து, இலவசம் வேண்டாம், பழைய விலையைப் போடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் பதறிப்போனார். "சாரி சார், நீங்க சந்தோஷப்படுறீங்கன்னு நெனச்சேன்" என்று அன்றைக்கே மாற்றினார். ஆனால் சும்மா எடுத்தவர்கள் ஈமெயிலில் மற்றவர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். கனடாவில் இருக்கும் என் மச்சாளுக்கே யாரோ அனுப்பியிருந்தார்கள். "அத்தான்ரை புத்தகம் வந்தது, நேரம் கிடைக்கேக்கை பாக்கிறன்" என்றாள்.

நாவல் முடிந்தது அதற்குப் பின்னர்தான். அச்சிட்ட தாள்களை எனக்கு முதலில் வாசிக்கத் தந்தார். நான் வாசித்து முடித்ததும் மண்டபம் பார்க்கத் தொடங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிறப்புப் பிரதி வாங்கியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் எடுத்தார். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். இவருடைய பக்கம் மட்டும்தான் கேட்டது.

"ஓம் அண்ணை, நாவல்... ஓம், பெரிசு... இல்லை, இதை நெற்றில போடுற யோசினை இப்ப இல்லை... இல்லை அண்ணை, உண்மையாத்தான்... சரி, சரி. பிள்ளையளைக் கேட்டதெண்டு சொல்லுங்கோ."

பிறகு அடுத்தவர். அதே சொற்கள். யாரும் வரமாட்டோம் என்று சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வாற கிழமை சொல்லுறம், அண்டைக்கு ஒரு பெட்டையின்ரை சாமத்தியச் சடங்கு இருக்கு, அதோடை இதுவும் நெற்றில வருந்தானே, பிறகு பாப்பம் என்றுதான் சொன்னார்களாம். எட்மண்டன் முதலாளிக்கு மட்டும் இவர் எடுக்கவில்லை. இலக்கத்தை அழுத்தினார், மணி அடிக்க முன்னரே வைத்துவிட்டார். முதற் பிரதியைத் தனக்குத்தான் தரவேண்டும் என்று ஒலிவாங்கியில் சொன்னவர். அவரைக் கேட்காமல் மண்டபம் எடுக்க முடியாது. கேட்கவும் முடியாது.

குசினிக்குள் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்லை. இது சரிவராது." கொஞ்ச நேரம் மீனைப் பார்த்தார். "அண்ணையை வைச்சுக்கொண்டு இவையளட்டைக் கெஞ்ச ஏலாது எனக்கு."

அந்தத் தம்பிக்கு யார் சொன்னார்களோ தெரியாது, நாவல் முடிந்த செய்தி போயிருந்தது. ஒரு பின்னேரம் வீட்டுக்கே வந்தார். இனிப்புப் பெட்டியும் இரண்டு தாள்களும் கொண்டுவந்தார். செய்த பிழையைச் சரிப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் அவருடைய முகத்தில் தெரிந்தது. நல்ல பிள்ளை.

"சார், இந்தத் தடவை நான் கடைக்காரன் இல்ல. நீங்கதான் விக்கிறீங்க, நான் உங்க ஏஜெண்ட். வக்கீலைக் கேட்டு எழுதியிருக்கேன். நீங்க சொல்ற விலையை நான் ஒரு பென்னி கூட குறைக்க மாட்டேன். பொங்கல் வந்தாலும் குறைக்க மாட்டேன்." சிரித்தார். "இந்த இடத்துல விலையை மட்டும் எழுதுங்க."

இவர் பேனாவை வாங்கினார். கண்ணாடியைப் போட்டார்.

"வழக்கமா நாவலுக்கு என்ன போடுறவை, தம்பி?"

"அதை நான் சொல்லக் கூடாது சார். நான் சொன்னா அது என் விலையாயிடும்."

இவர் எழும்பிப் போய்த் தானே தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் அது நடக்காத காரியம். மூன்று கோப்பைகளையும் வைத்துவிட்டு மறுபடி அந்தத் தாளைப் பார்த்தார்.

"நீர் சொல்லும்" என்றார் என்னிடம். "புத்தகக் கடையில நிக்கிறனீர்தானே."

எங்கள் கடையில் இவ்வளவு தடிப்பான நாவலுக்கு ஒட்டும் விலை எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். இவர் அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். பேனாவைத் தாளின் மேல் கொண்டுபோனார். பிறகு எடுத்துவிட்டார்.

"அந்த விலையைப் போட்டால் ஆர் வாங்குவினம்?"

"வாங்குவாங்க சார். கொஞ்சப் பேர் தான், ஆனா வாங்குவாங்க."

"வாங்காட்டி?"

தம்பி தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார்.

"முந்தி சும்மா எடுத்தவை, எத்தினை பேர் வாசிச்சிருப்பினம்?"

"அது தெரியாது சார். எத்தனை பேர் எடுத்தாங்கன்னு காட்டும். வாசிச்சாங்களான்னு காட்டாது."

என்வலப்பில் ஒரு வசதி இருந்தது. கொடுத்தவர் புத்தகத்துக்குக் கொடுத்தாரா, முகத்துக்குக் கொடுத்தாரா என்று யாருக்கும் தெரியவேண்டியதில்லை. வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் திறக்காமல் அலுமாரியில் வைத்திருந்தாலும் இவருக்குத் தெரியாது. இந்தத் தாளில் ஓர் எண்ணை எழுதினால், அந்த எண்ணுக்கு அண்ணையை வேண்டாம் என்று சொன்னவர்கள் எவ்வளவு பேர் என்பது, யாரும் வாங்காத ஒவ்வொரு நாளும் தெரியும். அதற்குத்தான் இவர் பயந்தார். அந்தப் பயத்தைப் போட்டிச் சட்டமும் ஏஜெண்ட் ஒப்பந்தமும் என்ன செய்ய முடியும்? அன்றைக்கு எல்லா உரிமையும் இவருடைய கையில் இருந்தது. ஒரேயொரு எண். அதை எழுத இவரால் முடியவில்லை. பக்கத்தில் இருந்த என்னாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"யோசிச்சுச் சொல்லுறன் தம்பி" என்றார்.

எங்கள் பக்கத்தில் இதற்கு இல்லை என்று அர்த்தம். அந்தப் பிள்ளைக்கு அது தெரியவில்லை. பாவம், நம்பிக்கொண்டு போனார். பல கிழமைகள் போன் எடுத்தார். "யோசிச்சீங்களா சார்?" என்பார். "ஓம், யோசிச்சுக்கொண்டிருக்கிறன்" என்பார் இவர். பிறகு அவருக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. இணையக் கடையை மூடிவிட்டுப் போனார்.

அண்ணையின் பெயரில் ஒதுக்கிய காசு கொஞ்ச நாள் அப்படியே கிடந்தது. ஒரு குளிர்காலம் வீட்டில் போய்லர் பழுதாகி, சுடுதண்ணீர் இல்லாமல் போனது. இவர்தான் அந்தக் கணக்கில் இருந்து எடுத்துக் கட்டினார். நான் எடுக்கச் சொல்லவுமில்லை, வேண்டாம் என்று தடுக்கவுமில்லை.

அதற்குப் பிறகு இவர் எழுதவில்லை. எழுதாமல் விட்டேன் என்று யாருக்கும் சொல்லவுமில்லை. கலியாண வீடுகளில் யாராவது, "என்ன, இப்ப ஏதும் எழுதுறியளோ?" என்று கேட்டால், "ஷிப்டோடை நேரம் எங்கை" என்பார். கேட்டவர்கள் வேறு கதைக்குப் போய்விடுவார்கள். நாவல் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கம்ப்யூட்டர் மாற்றும்போதெல்லாம் மறக்காமல் அதையும் மாற்றிவிடுவேன். திறந்து பார்ப்பது நான் மட்டும்தான்.

அந்த நாவலில் ஓர் இடம் வரும். லண்டனுக்கு வந்த முதல் குளிரில் தமையனுக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரு சோடிக் கையுறைதான் இருக்கிறது. காலையில் பஸ் தரிப்பில் ஆளுக்கு ஒன்று போட்டுக்கொண்டு, மற்றக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பார்கள். பஸ் வந்ததும் தமையன் தன்னுடையதையும் கழற்றித் தம்பியிடம் கொடுத்துவிட்டு, எனக்கு வேலையிடம் சூடுதானே என்று ஏறிப்போய்விடுவார். அவருக்கு வேலை இறைச்சிக் கடையின் குளிரறையில் என்பது பல பக்கங்களுக்குப் பிறகுதான் தம்பிக்குத் தெரியவரும்.

போன மாதமும் அதை வாசித்தேன். இவர் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். மனம் கேட்கவில்லை.

"இஞ்சேருங்கோ, அந்தக் கையுறை வாற இடம் நல்லாயிருக்குது" என்றேன்.

"எந்தக் கையுறை?"

"நாவலிலை. பஸ் தரிப்பிலை நிக்கிற இடம்."

"ஓ, அதுவோ" என்றார். ஜக்கெற்றின் சிப்பை மேலே இழுத்துவிட்டு, வீட்டுச் சாவி எங்கே என்று தேடத் தொடங்கினார்.